கோடியக்கரைக்குக் கேமராவோடு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணக் காணொளிக்காரர்களே,

வணக்கம். வேதாரண்யத்தில் பிறந்து, வேதாரண்யத்திலேயே வாழ்க்கைப்பட்டு, உப்பும் முல்லைப்பூவும் விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருத்தி எழுதுகிறேன். சென்ற மே மாதம் உங்களில் நால்வர் காரில் வந்தார்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் நண்பகலில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மாலைக்குள் கிளம்பிவிட்டார்கள். "பறவையே இல்லாத பறவைகள் சரணாலயம்" என்று தலைப்பிட்டு ஒரு காணொளி வந்தது. எங்கள் தெருவில் அதைப் பார்க்காதவர் இல்லை. கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதைவிட, இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்து வந்தும் ஒன்றையும் பார்க்காமல் போனார்களே என்ற ஆற்றாமைதான் அதிகம்.

மே மாதத்தில் பறவை ஏன் இங்கே இருக்க வேண்டும்? அக்டோபரில் வந்து, மார்ச் வரை எங்கள் சதுப்பில் மேய்ந்த உள்ளான்கள் அப்போது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். முட்டையிடும் வேலை அவற்றுக்கு அங்கேதான். பூநாரைகளும் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். பகல் ஒரு மணிக்கு வெளிமான் கூட நிழலைவிட்டு நகராது. கதவு சாத்திய கடையின் முன்னால் நின்று, இந்த ஊரில் கடையே இல்லை என்று படம் பிடித்துக்கொண்டு போனால் எப்படி?

நீங்கள் வரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: கலங்கரை விளக்கம், ராமர் பாதம், கோயில், கடற்கரை, உப்பளம். ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம். எங்கள் ஊரில் இடங்களைவிட நேரங்கள்தான் முக்கியம். எந்த மாதம், விடியலா அந்தியா, மழைக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்தே இங்கே எதுவும் கண்ணுக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை, எங்களிடம் வந்ததும் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்த மூலைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே அதிராம்பட்டினம் பக்கம் வரை நீளும் சதுப்பு. வேதாரண்யத்திலிருந்து தெற்கே 11 கிலோமீட்டர் போனால் சாலை முடிந்துவிடும். வேறெங்கோ போகிற வழியில் யாரும் எங்கள் ஊருக்குள் வந்துவிட முடியாது. வேண்டுமென்றே வந்தால்தான் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு சுந்தரர் அப்படி வந்தார். கோடிக்குழகர் கோயிலில் ஈசனைப் பார்த்து, கடற்காற்று இப்படிக் கடுமையாக வந்து மோதும் கரையில் தன்னந்தனியே இருக்கிறீரே, அருகில் நாலு குடி இருந்தால் குற்றமா என்று கேட்டுப் பாடிவிட்டுப் போனார். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைக் குறைசொல்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆனால் அவர் காற்றையாவது சரியாகக் கவனித்திருந்தார்.

இப்போது உப்பளத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் ஓடும் காரின் கண்ணாடி வழியாகப் படம் எடுக்கிறீர்கள். வெள்ளைக் குவியல், நீல வானம், பின்னணியில் ஒரு பாட்டு. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று ஏறத்தாழ 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் எங்களுக்கு. விளைகிறது என்றுதான் நாங்களும் சொல்வோம். ஆனால் தானாக விளைவதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளைத் திரும்பக் கட்ட வேண்டும். பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வந்துவிடும், விலை போகாது. பிறகு உவர்நீரை ஏற்றி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். நீர் கெட்டிப்படும்போது முதலில் அடியில் படிவது உப்பு அல்ல, ஜிப்சம். அதை அங்கேயே தங்கவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் கடைசிப் பாத்திக்குத் திருப்ப வேண்டும். அங்கேதான் உப்பு பூக்கும். உப்பு இறங்கியபின் மிஞ்சி நிற்கும் நீர் கடுங்கசப்பு. அதை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் நல்ல உப்பும் கெடும். எந்த மடையை எப்போது திறப்பது என்று சொல்ல, நீரின் அடர்த்தியை அளக்கும் மானி இப்போது இருக்கிறது. என் மாமனாருக்கு மானி தேவைப்பட்டதில்லை. நீரின் நிறத்தைப் பார்த்து, விரலைத் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்த வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நீண்ட கழியில் பலகை பொருத்தி உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். பத்து மணிக்குமேல் அந்த வெண்மையைப் பார்க்கவே முடியாது, கண் கூசும். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறீர்கள். அந்தப் பெண்கள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். உப்புநீரில் ஊறிய காலில் வெடிப்பு ஆறவே ஆறாது. நீங்கள் காலை பதினொரு மணிக்கு வந்து, ஆளில்லாத வெள்ளைப் பாலைவனம் என்று வர்ணிக்கும்போது, அவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பார்கள். விடியலில் வாருங்கள். வரப்பில் நடக்கும்முன் கேளுங்கள். உங்கள் ஷூ கால் பட்டால் கட்டிய வரப்பு சரியும். முகத்தைப் படமெடுப்பதற்கு முன்பும் கேளுங்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கோடைமழை எங்கள் வீட்டில் ஒரு சிறிய போர். பாத்தியில் கெட்டிப்பட்டு நிற்கும் நீர் ஒரு மழைக்கே இளகிவிடும். மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். ஆகவே வானம் கறுத்தால் என் கணவரின் முகமும் கறுக்கும். எனக்கோ முல்லைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்ததே என்று உள்ளுக்குள் மகிழ்ச்சி. வெளியே காட்டிக்கொள்வதில்லை.

அகஸ்தியன்பள்ளி என்ற பெயரைச் சொன்னேனே, அந்த இடத்தில் நின்று "யாருமே அறியாத ஊர்" என்று உங்களில் ஒருவர் பேசியதையும் பார்த்தேன். 1930 ஏப்ரலில் நாட்டுக்கே தெரிந்த ஊர் அது. ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளி, உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அப்போதைய தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். வழியெங்கும் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். இங்கே அவர்களுக்கு ஆதரவாக நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார், சொத்தையும் இழந்தார். பிற்பாடு கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவியவர் அவர்தான். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போன வைரப்பனையும் ஊர் மறக்கவில்லை. எனக்கு அந்தக் கதைகளிலேயே வைரப்பன் கதைதான் பிடிக்கும். தலைவர்களுக்குப் பின்னால் மாநாடும் பத்திரிகையும் இருந்தன. அவரிடம் இருந்தது ஒரு கத்தியும் "முடியாது" என்ற ஒரு சொல்லும்தான்.

அங்கே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. ரயிலில் வந்தால் பக்கம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் பாதை, பல ஆண்டுகள் மூடிக்கிடந்த பிறகு, அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய மீட்டர்கேஜ் ரயில் ஒரு காலத்தில் கோடியக்கரை வரைக்கும் போனது. இப்போது அகஸ்தியன்பள்ளியோடு சரி. அதற்கப்பால் டவுன் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது.

உப்புக்கும் பறவைக்கும் ஓர் உறவு உண்டு. மழைக்காலத்தில் உப்பு வேலை நிற்கும். குவித்த உப்பின்மேல் பனை ஓலை வேய்ந்து மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் இருப்போம். அப்போது சதுப்பில் புதுநீர் ஏறும், பறவை இறங்கும். மழை விட்டு நீர் மெல்ல வற்றி முழங்காலளவு ஆகும்போது பூநாரைகளுக்குக் கொண்டாட்டம். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டிக் கண்ணுக்குத் தெரியாத பாசியையும் சிற்றுயிர்களையும் எடுத்துக்கொள்ளும். அந்த இரையிலிருக்கும் நிறமிதான் இறகில் ரோஜாநிறமாக ஏறுகிறது. மழை மிகுந்து நீர் ஆழமாகிவிட்டாலும் இந்தப் பக்கம் குறைவாகத்தான் தெரியும். மழையே பொய்த்துவிட்டாலும் அப்படித்தான். ஆகையால் "எத்தனை பூநாரை பார்க்கலாம்?" என்று எங்களைக் கேட்காதீர்கள். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்படி என்று கேளுங்கள். தை பிற்பகுதியிலும் மாசியிலும் வந்தால் ஒரே விடியலில் ஒரு பக்கம் உப்புப் பாத்தி கட்டுவதையும், மறுபக்கம் பறவை மேய்வதையும் காணலாம். எங்கள் ஊருக்கு இதுதான் நல்ல காலம்.

சதுப்புக்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், அடியில் சேறு இடுப்புவரை இழுக்கும். போன குளிர்காலத்தில் ஒரு பையன் டிரோனைப் பறக்கவிட்டு, பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பும் காட்சியை எடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் பறவைகள் இரை தேடும் நேரம் அது. எழுப்பிவிட்டால் தின்றது போதாமல் இன்னோர் இடம் தேடி அலைய வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்தில் டிரோன் விடுவது குற்றமும்கூட.

காடு 1967இல் சரணாலயமானது. சதுப்பையும் சேர்த்து 2002இல் ராம்சர் என்னும் உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் குட்டையான புதர்க்காடு; யானை கிடையாது, புலி கிடையாது. ஆனால் கடற்காற்றுக்கும் உவர்மண்ணுக்கும் ஈடுகொடுத்து எப்போதும் பச்சையாக நிற்கும் உலர் காடு இது, இப்படி மிஞ்சியிருப்பது அரிது. பாலை மரங்கள்தான் இதில் பெரியவை. கோடையில் அவை பழுக்கும். மஞ்சளாக, வேப்பம்பழ அளவில், தேனாய் இனிக்கும். ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். தின்றுவிட்டுப் பேச வேண்டாம். அந்த மே மாதத்து நால்வர் இதையாவது கேட்டிருக்கலாம்.

வெளிமானைத் திறந்த புல்வெளியில், காலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு பாருங்கள். முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா ஒன்று தலையை நிமிர்த்தி நிற்கும். சற்றுத் தள்ளி பழுப்பு நிறப் பெட்டைகள் கூட்டமாக மேயும். ஜீப்பில் துரத்தினால் ஓடும், படமும் நன்றாக வரும். அப்படி ஓடவைக்காதீர்கள் என்பதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். சீமைக்கருவேல் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. என்றோ எவரோ அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை நூறாய்ப் பெருகி, அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. மானுக்கு இருக்கிற தொல்லை போதும். குதிரைகளைக் காட்டுக்குதிரை என்று பெரிய அதிசயமாகக் காட்டுகிறீர்கள். ஒருவகையில் அவையும் உங்களைப்போல வெளியிலிருந்து வந்தவைதான். என்ன, திரும்பிப் போகவில்லை.

நுழைவாயில் குரங்குகளுக்கு பிஸ்கட் போடாதீர்கள். அதற்கு மேல் அதுபற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடல். நீலக் கடலும் வெண்மணலும் வேண்டுமென்றால் மன்னிக்கவும், இது அந்த ஊர் இல்லை. வேதாரண்யம் சன்னதிக் கடலில் பல இடங்களில் சேறுதான். கஜா புயலுக்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சேற்றில் நடந்துபோய்த்தான் முழுகுகிறார்கள். கோடியக்கரையில் பார்க்க வேண்டியது மீன்பிடி பருவம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் படகும் வலையும் குடும்பமுமாக வந்து, கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். மற்ற மாதங்களில் வெறிச்சோடிய மணல்மேடு, அந்த மாதங்களில் டீக்கடை, வலை பின்னுமிடம், ஐஸ் லாரி, ஏலச் சத்தம் என்று ஓர் ஊராகிவிடும். காலா, ஷீலா, வாவல், நண்டு, இறால், திருக்கை எல்லாம் வரும். விலை ஏலத்தில் ஏறும் வேகத்தை உங்கள் காதால் பின்தொடர முடிந்தால் நீங்கள் கெட்டிக்காரர். ஏலம் முடிந்ததும் மிச்சத்தில் கால்கிலோ வாங்கி, பக்கத்துக் கொட்டகையில் குழம்பு வைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் அங்கே கேமராவை நீட்டி "இலங்கைக் கடற்படை உங்களைப் பிடித்ததா, நடுக்கடலில் யாராவது அடித்தார்களா?" என்று கேட்காதீர்கள். எங்கள் ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் கரைகளில் அப்படிப் போய்த் திரும்பாத படகுகள் உண்டு, வலையையும் இன்ஜினையும் பறிகொடுத்து வெறும் கையோடு வந்தவர்கள் உண்டு. அது உங்கள் காணொளியில் இரண்டு நிமிடப் பரபரப்பு. கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த அம்மாளுக்கு அது வீட்டு விஷயம்.

இடிபாடுகளைப் படமெடுப்பதும் அப்படித்தான். சோழர் காலத்தது என்று நாங்கள் சொல்லிவந்த பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் இடிந்தது. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் எங்களுக்கும் இடையில் கரை கடந்தது. ஒரே இரவில் தென்னை, மா, சவுக்கு எல்லாம் படுத்துவிட்டன. குவித்து வைத்த உப்பு கரைந்து போனது. காட்டில் மான்களும் குதிரைகளும் மடிந்தன. மின்சாரம் வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. முறிந்த மரத்தையும் கூரையில்லாத சுவரையும் காட்டி "பேய் ஊர்" என்று சொல்கிறீர்களே, அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தெருவில் இன்னும் இருக்கிறார்.

ஊருக்குள் ஓர் அந்தியை ஒதுக்குங்கள். வேதாரண்யம் விளக்கழகு என்பது பழைய சொல்வழக்கு. பகலில் வந்து கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது புரியாது. வேதங்கள் பூசித்துவிட்டு மூடிய கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திறக்க அப்பருக்குப் பத்துப் பாட்டுக்குமேல் ஆயிற்று, மூட சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதுமானதாக இருந்தது என்பதைச் சொல்லிக் கோயிலுக்கு வரும் பெரியவர்கள் இன்றைக்கும் வழக்காடுவார்கள். அணையப்போன விளக்கை அறியாமல் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தியானதும் இந்தக் கோயில் கதைதான். அம்பாளுக்குப் பெயர் யாழைப் பழித்த மொழியாள். இந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பின்னணி இசை தேவைப்படாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பேசாமல் இருந்தால் நாகரிகம் என்று நினைப்பீர்கள். மதியச் சாப்பாட்டை வழியில் வாங்கிக்கொண்டு வந்து, காட்டோரம் தின்று, தாளையும் பாட்டிலையும் போட்டுவிட்டுப் போனால் எங்களுக்கு மிஞ்சுவது குப்பை மட்டும். இரவு வேதாரண்யத்தில் தங்குங்கள். கோடியக்கரையில் கருவாடு வாங்குங்கள். உள்ளூர் ஆட்டோக்காரரையே விடியலுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று கைப்பேசி வரைபடத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

முல்லைத் தோட்டம் பார்க்க ஆசைப்பட்டால் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் போங்கள். மொட்டு மலர்வதற்கு முன் பறித்தாக வேண்டும் என்பதால் டார்ச் வெளிச்சத்திலேயே பறிப்போம். படம் பிடிப்பவர்கள் பாத்திக்குள் வராமல் வரப்பில் நின்றால் போதும். பூ விடிந்ததும் வெளியூருக்குக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துப் பஸ்ஸில் நீங்கள் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது கடினம். கூடைகளுக்குத்தான் முதலிடம், நடத்துநரும் அதில் எங்கள் பக்கம்தான்.

இப்படிக்கு,
வேதாரண்யத்துக்காரி ஒருத்தி